பேர் சொல்லாத மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று முதல் வேலை வந்திருக்கிறது. கல்லுக்குப் பார்க்கிற டாக்டர், குடிக்கிற தண்ணீர் எவ்வளவு, வெளியே போகிற சிறுநீர் எவ்வளவு என்று ஒரு மாதம் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

நோயாளி என் தங்கை சண்முகக்கனி. வயது 49. எடை 94 கிலோ. வலது சிறுநீரகத்தில் ஏழு மில்லிமீட்டர் கல். நாலு வருஷத்தில் இது மூன்றாவது. நேற்று பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டுவிட்டாளாம். டீச்சர்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

"பிள்ளைகள்லாம் பாத்துட்டு நின்னுச்சு அண்ணே. ஒரு பிள்ளை அழுதுட்டுது" என்றாள். வலியைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருக்கிறது.

தண்ணீர் 1,800 மி.லி. சிறுநீர் 900. அளவு ஜாடியை என் கையில் தரமாட்டேன் என்று சண்டை. எண்ணை மட்டும் குளியலறைக்குள்ளிருந்து கத்திச் சொல்கிறாள்.

மார்ச் 5, புதன்

தண்ணீர் 2,100. சிறுநீர் 1,200.

கல் என்பது சுண்ணாம்புச் சத்து உறைந்து கட்டியாவது. மூன்று வருஷத்துக்கு முன்பே இவளுக்குப் பாலை நிறுத்திவிட்டேன். தயிர், கேழ்வரகு, கீரை எல்லாம் நிறுத்தம். ஆனாலும் கல் வருகிறது. கோவில்பட்டித் தண்ணீரின் உப்பு அப்படி. நான் வேலை பார்க்கிற மருந்துக் கடைக்கு வருகிற பவுல்துரை, லாரி ஓட்டுகிறவர், அவருக்கும் கல். இன்று வந்து, "அண்ணாச்சி, பால் சாப்பிடலாமா?" என்று கேட்டார். "தொடவே தொடாதீங்க" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

இருபத்தெட்டு வருஷம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். மருந்தாளுநர் சான்றிதழ் முதலாளியின் மருமகள் பேரில் சுவரில் தொங்குகிறது. அந்தப் பெண் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஜனங்கள் என்னிடம்தான் வருகிறார்கள். 'டாக்டர் அண்ணாச்சி' என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

எடை 94.6. கூடியிருக்கிறது.

காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி ஒரு சப்பாத்தி. நான்தான் எடுத்து வைக்கிறேன். இதற்கு எடை கூட வழியில்லை. அப்படியானால் பள்ளிக்கூடத்தில்தான் தின்கிறாள். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் கைப்பையைத் திறந்து பார்த்தேன். ஒரு சீப்பு, வருகைப் பதிவுச் சீட்டு, வலிக்குத் தேய்க்கிற தைலம். வேறொன்றுமில்லை. திரும்பி வந்தவள், பையின் ஜிப் பாதி திறந்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"திருடித் திங்கேன்னு நெனைச்சியா அண்ணே?"

"உன் நல்லதுக்குத்தான்ட்டி பாத்தேன்."

"பிள்ளைகளுக்கு வைக்க முட்டைய எண்ணித்தான் குடுக்காங்க. அதுல ஒண்ண நான் தின்னா ஒரு பிள்ளைக்கு இல்லாமப் போகும்." குரலை உயர்த்தாமல் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு மூன்று வருஷமாக அவள் முகம் வட்டமாக உப்பிப் போய்விட்டது. அழுகிறாளா என்று சட்டென்று தெரிவதில்லை.

தண்ணீர் குறிக்க மறந்தேன்.

மார்ச் 10, திங்கள்

தண்ணீர் 2,000. மூட்டுவலிக்கான சின்ன மாத்திரை வழக்கம்போல் காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று.

மார்ச் 18, செவ்வாய்

தண்ணீர் 2,400. சிறுநீர் 1,500. கையில் ஒரு நீலத் தடம். எங்கே இடித்தாய் என்றால் தெரியவில்லை என்கிறாள். இவளுக்கு லேசாகப் பட்டாலே கன்றிப்போகிறது.

மார்ச் 23, ஞாயிறு

கனிக்குக் கால் ஒடிந்துவிட்டது.

காலை ஏழரை இருக்கும். தண்ணீர் மோட்டாரை நிறுத்த ஸ்விட்ச் பக்கம் திரும்பியிருக்கிறாள். நான் வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். தரை காய்ந்திருந்தது. வழுக்க எதுவுமில்லை.

"தடுக்கல அண்ணே. திரும்பத்தான் செஞ்சேன். உள்ள படக்குன்னு ஒரு சத்தம். அதுக்கப்புறந்தான் விழுந்தேன்."

அந்த வரிசையை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். முதலில் ஒடிந்தது, பிறகு விழுந்தாள். அப்படி நடக்காது என்று நான் சொன்னேன்.

108 வந்தது. அவளைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. தெருவே நின்று பார்த்தது. "மெதுவா, மெதுவா, கனத்த உடம்பு" என்று யாரோ சொன்னார்கள். வலியிலும் கனி சேலையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டாள். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

மார்ச் 24, திங்கள்

இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடையெலும்பு. ஆபரேஷன் செய்து கம்பி வைக்க வேண்டும். எலும்பு டாக்டர் ஹெலன் சின்ன வயது, முப்பத்தைந்து இருக்கலாம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இவங்களுக்கு நாப்பத்தொம்பதா? எழுபத்தஞ்சு வயசு எலும்பு மாதிரி இருக்கே. வேற என்ன மாத்திரை எடுக்காங்க?"

"கல்லுக்கு ஒரு மருந்து" என்று சீட்டைக் காட்டினேன்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல டாக்டர்."

சுகருக்கோ பிரஷருக்கோ அவள் எதுவும் சாப்பிடவில்லை. அது உண்மை.

மார்ச் 25, செவ்வாய்

டாக்டர் ஹெலன் கனியின் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். பால் இல்லை, தயிர் இல்லை என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நிறுத்தச் சொன்னது யாரு?"

"சுண்ணாம்புக் கல்லாச்சே டாக்டர்" என்றேன்.

"அதான் எல்லாரும் பண்ற தப்பு. சாப்பாட்டுல வர்ற சுண்ணாம்பு குடல்லயே கல்லுக்கான சத்தப் பிடிச்சு வெளியேத்திடும். அத நிறுத்தினா கல்லு கூடத்தான் செய்யும். எலும்பும் பட்டினி கிடக்கும். உடம்பு கனமா இருந்தா கல்லு வர்றதுக்கு அது இன்னொரு வழி." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "ஆனா பால நிறுத்துனதால மட்டும் எலும்பு இவ்வளவு போகாது" என்றார்.

நான் பவுல்துரையை நினைத்தேன். அவரைப்போல எத்தனை பேர் என்று கணக்கு வரவில்லை.

சாயங்காலம் கனி, "அந்தச் சின்ன மாத்திரைய வீட்டுலருந்து எடுத்தாரலியா அண்ணே? ரெண்டு நாளாச்சு, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல இருக்கு" என்றாள்.

"ஆஸ்பத்திரி மருந்தோட அது சேராது" என்றேன்.

மார்ச் 26, புதன்

இட்லியை வாந்தி எடுத்துவிட்டாள். வார்டு வெக்கையாக இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் தலைசுற்றல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

மார்ச் 27, வியாழன்

பிரஷர் 80. குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். பேசினால் பதில் வரக் கொஞ்ச நேரமாகிறது.

காலையில் டாக்டர் ஹெலன் திரையை இழுத்துவிட்டுக் கனியின் வயிற்றைப் பார்த்தார். என்னையும் உள்ளே கூப்பிட்டார். வயிற்றின் இரண்டு பக்கமும் ஊதா நிறத்தில் கோடுகள், விரல் அகலத்தில். எனக்குத் தெரியாது. அண்ணன் பார்க்கிற இடமா அது?

"அம்மா, என் மூஞ்சியப் பாருங்க. மூட்டுவலிக்கு, மூச்சிரைப்புக்கு, எதுக்காவது நாள்கணக்குல மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா? மெடிக்கல்ல வாங்கி? நாட்டு மருந்துன்னு யாராவது குடுத்தாங்களா?"

கனி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"இல்லம்மா. ஒண்ணும் சாப்பிடல" என்றாள்.

நான் கீழே போய் டீ குடித்தேன்.

மார்ச் 28, வெள்ளி

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணிக்குப் பிரஷர் 70. ஆபரேஷன் ரத்து. கனியின் கை சில்லென்றிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள். மூன்று டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். காய்ச்சலா, கிருமியா, நுரையீரலில் ரத்தக்கட்டியா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டாக்டர் ஹெலன் வெளியே வந்து, "என்ன ஏத்தினாலும் பிரஷர் நிக்கல. ஏன்னு எங்களுக்குப் பிடிபடல. நெருங்கினவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார்.

யாரும் இல்லை. அவள் புருஷன் மும்பையில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு நான், எனக்கு அவள்.

டாக்டர் திரும்பி நடந்துவிட்டார். பத்தடி போயிருப்பார்.

"டாக்டர், அவ மாத்திரை சாப்பிட்டா" என்றேன்.

ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார வைத்துக் கேட்டார். நான் பேர் சொன்னேன். ஸ்டீராய்டு. அளவு சொன்னேன்.

"எத்தனை மாசம்?"

"ஏழு வருஷம்."

"தினமுமா?"

"தினமும் ரெண்டு."

பேனாவைக் கீழே வைத்தார். "குடுத்தது யாரு?"

"நாந்தான். மெடிக்கல்ல இருக்கேன்."

"அது என்ன மாத்திரைன்னு தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"தெரியும்."

"திங்கக்கிழமையே உங்ககிட்ட கேட்டேன். நேத்து அவங்ககிட்ட கேட்டேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

அவர் நர்ஸைக் கூப்பிட்டு ஓர் ஊசியின் பேரைச் சொல்லி உடனே போடச் சொன்னார். பிறகு எழுந்துகொண்டே, சத்தமில்லாமல் சொன்னார்: "முகம் உப்புனது, வயிறு வச்சது அந்த மாத்திரையால. எலும்பு கரைஞ்சது அதால. கரைஞ்ச சுண்ணாம்பு சிறுநீர்ல இறங்கிக் கல்லாச்சு. மூணும் மூணு நோயின்னு நெனச்சு மூணுக்கும் வைத்தியம் பாத்திருக்கீங்க. வெளியிலருந்து வருதேன்னு உடம்பு ஸ்டீராய்டத் தானாச் சுரக்குறத நிறுத்திடுச்சு. அத நீங்க ஒரே நாள்ல நிறுத்துனீங்க. அதான் சாகக் கிடக்காங்க."

ஏழு வருஷத்துக்கு முன்னால் கனிக்கு முழங்கால் வீங்கி, பெரிய சோற்றுப் பானையை இறக்க முடியாமல் வேலையை விட்டுவிடலாமா என்று இருந்தாள். கடையில் எல்லாருக்கும் கொடுக்கிற மாத்திரையைத்தான் அவளுக்கும் கொடுத்தேன். மறுநாள் காலையில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் படியேறிப் போனாள். மேலேயிருந்து "அண்ணே, வலியே இல்ல!" என்று கத்தினாள். பத்து நாளில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தினால் வலி வரும். வலி வந்தால் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். இன்னும் பத்து நாள் என்று கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வாந்தி எடுத்தபோதே எனக்குத் தெரியும். இதையும் எழுதிவிட வேண்டும். மாத்திரை நின்றதால்தான் என்று தெரியும். சரியாகிவிடும் என்று இருந்தேன்.

மதியம் இரண்டு மணிக்குப் பிரஷர் 100. நாலு மணிக்குக் கனி கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். எலும்பு நொறுங்கலாக இருந்ததால் நேரமாகிவிட்டதாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தலை வாரிவிட ஆளில்லை என்று நானே வாரினேன். முடியும் கொட்டியிருக்கிறது. சிக்கு எடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"டாக்டரம்மா கேட்டப்ப ஏன்ட்டி இல்லன்னு சொன்ன?"

"நீ சொல்லலியே. நீ சொல்லாதத நான் எப்படிச் சொல்ல?"

"செத்துப் போயிருப்ப."

"தெரியும்." சீப்பில் சிக்கிய முடியை வாங்கி விரலில் சுருட்டினாள். "அது ஏதோ ஆகாத மாத்திரைன்னு எனக்கு முன்னாலயே சந்தேகம் அண்ணே. மத்த மாத்திரையெல்லாம் அட்டையோட குடுப்ப. அத மட்டும் பிதுக்கி, பேர் இல்லாம காயிதத்துல மடிச்சுத் தருவ. கடையில சாப்பாடு குடுக்க வருவேன்ல, அங்கயும் பாத்திருக்கேன். காலு நொண்டி வாரவுகளுக்கெல்லாம் அதே மாதிரித்தான் மடிச்சுக் குடுத்த."

"அப்ப ஏன் சாப்பிட்ட?"

"அண்ணன் குடுத்தது" என்றாள். வேறு காரணம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு, "பையத் தேடுனியே, அதுதான் மனசுல நிக்குது. நீ தந்தத திங்கப்போய்தான் ஊதிக் கிடந்தேன். அதுக்கு என்னையத் திருடின்னு நெனச்சிட்டியே" என்றாள். இந்த முறை அழுதது எனக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து அடுப்படி வரை வருகிறாள். பாலும் தயிரும் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையை உடனே விட முடியாது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர் ஹெலன் எழுதிக் கொடுத்திருக்கிறார். கனி அதை அட்டையோடு தன் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எழுத்துக்கூட்டிப் பேரைப் படிக்கிறாள். என்னிடம் கேட்பதில்லை.

சத்துணவுக் கூடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இனிமேல் அவளால் பானை தூக்க முடியாது.

ஏப்ரல் 17, வியாழன்

கடைக்குப் போய் இனி வரவில்லை என்று சொன்னேன். முதலாளி ரத்தினசாமி நம்பவில்லை.

"நம்ம கடையில மட்டுமா குடுக்காங்க தவசிலிங்கம்? மூட்டு வலிக்குன்னு வாரவன, டாக்டரப் பாருன்னு அனுப்புனா அடுத்த கடைக்குப் போவான். அங்கயும் இதத்தான் குடுப்பான்."

"குடுப்பான்" என்றேன்.

"பின்ன?"

மேஜை டிராயரில் இருந்த என் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கனி சொன்னாள்: "யார் யாருக்குக் குடுத்தன்னு ஞாபகம் இருக்கா?"

உட்கார்ந்து எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். தெருப் பேர் மட்டும் தெரிந்தவர்கள், முகம் மட்டும் தெரிந்தவர்கள் எல்லாம் போக, வீடு தெரிந்தவர்கள் முப்பத்தொரு பேர். பவுல்துரை பேரைப் பால் விஷயத்துக்காகத் தனியாகக் கீழே எழுதினாள். எல்லாரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்ல வேண்டும்: நீங்களாக நிறுத்தக்கூடாது, பெரியாஸ்பத்திரிக்குப் போய் இந்தப் பேரைச் சொல்லுங்கள். பேரைத் துண்டுக் காகிதங்களில் எழுதிக் கொடுத்தாள்.

மே 3, சனி

இதுவரை பத்தொன்பது வீடு. ஆறு பேர் திட்டினார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். மீதிப் பேரைத் தாங்குவதுதான் சிரமமாக இருக்கிறது. "அத நிறுத்திட்டா எப்படி அண்ணாச்சி நடக்க? ஒரு அம்பது மாத்திரை மட்டும் வாங்கித் தாங்க" என்கிறார்கள். பவுல்துரை லோடு ஏற்றி வடக்கே போயிருக்கிறார். அவர் பெண்சாதியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 4, ஞாயிறு

இருபதாவது பேர் தையல்காரர் செல்லக்குட்டி. நாலு வருஷம் என்னிடம் வாங்கினார். போன வருஷம் குளியலறையில் இடுப்பு ஒடிந்து, நாற்பது நாள் கிடந்து இறந்துபோனார். நானும் மயானத்துக்குப் போயிருந்தேன். அந்தப் பேரை எழுத வேண்டாம் என்றேன். கனிதான் எழுதினாள்.

அவர் மனைவி சுடலைவடிவு வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். உட்கார வைத்துக் காபி போட்டுக் கொடுத்தார். "நீங்க குடுத்த மாத்திரையிலதான் அண்ணாச்சி, விழுகிற வரைக்கும் மிஷின் மிதிச்சாக. அன்னைக்குக் காலைலகூட ரவிக்கை தைச்சாக" என்றார். காபியைக் குடித்தேன். வெயில் கூடுதல் என்று பேசிவிட்டு வந்தேன்.

"சொன்னியா?" என்றாள் கனி.

"சொன்னேன்."

என் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்கு ஆட்டோ பிடி. நானும் வாரேன்."

மே 5, திங்கள்

ஆட்டோவில் ஏற்றவே கால் மணி நேரமானது. அந்த வீட்டுக்கு மூன்று படி. நடைவண்டியைப் படிக்குப் படி நான் தூக்கி வைக்க, கனி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். சுடலைவடிவு பதறிப்போய் நாற்காலி போட்டார்.

கனி, நான் சொல்வதற்காக உட்கார்ந்திருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையின் பேரைச் சொன்னேன். அது எலும்பைக் கரைக்கும் என்று எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவர் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார். தெருவில் உப்பு விற்கிறவர் கூவிக்கொண்டு போய் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இது அவுகளுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியாது."

"நல்லவேளை" என்றார். "உங்க மேல அவுகளுக்கு அவ்வளவு நம்பிக்கை."